வீட்டில் ஸ்லாப்பி ஜோ: ஓடாமல், தித்திக்காமல், பன் ஊறாமல்

கேள்வி சுருக்கமாக இது: கேனில் வரும் சாஸை வாங்காமல் வீட்டிலேயே ஸ்லாப்பி ஜோ (தக்காளி சாஸில் வற்றவைத்த கொத்துக்கறியை பன்னில் வைக்கும் அமெரிக்கச் சாண்ட்விச்) செய்தால் ஒரு தடவை குழம்பு மாதிரி ஓடுகிறது, இன்னொரு தடவை கெச்சப்பின் தித்திப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது, பன்னோ பாதி சாப்பிடும்போதே பிய்ந்து கையோடு வருகிறது. எங்கே பிசகுகிறது, சரியான அளவு என்ன?

மூன்று கோளாறுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தண்ணீர் வற்ற வேண்டிய நேரத்தில் வற்றவில்லை. முதலில் கறியின் ஈரம் போக வேண்டும், அடுத்து வெங்காயத்தின் ஈரம், கடைசியில் சாஸின் ஈரம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்கவிட்டால் கறி வெந்துவிடும், ஆனால் சிவக்காது. வெங்காயம் நறுக்கென்று பல்லில் படும். சாஸ் நீர்த்தே இருக்கும். அதைக் கெட்டியாக்க இன்னும் கொஞ்சம் கெச்சப் ஊற்றுவோம், தித்திப்பு ஏறிவிடும். இந்தச் சமையலில் அளவைவிட வரிசை முக்கியம்.

இது அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களின் வீட்டுச் சாப்பாடு. ஐயோவாவில் இதற்கு முன்னோடியாக ‘லூஸ் மீட்’ சாண்ட்விச் இருந்தது. தட்டிப் பிடிக்காத கொத்துக்கறியை உதிரியாக வேகவைத்து பன்னில் அள்ளி வைப்பார்கள், தக்காளி கிடையாது. 1926-இல் ஐயோவாவின் மஸ்கட்டீன் ஊரில் ஃப்ரெட் ஏஞ்சல் தொடங்கிய மெய்ட்-ரைட் கடைகள் இன்றும் அதைத்தான் விற்கின்றன. அதே மாநிலத்தின் சூ சிட்டியில் 1930-களில் ஜோ என்ற சமையல்காரர் அதில் தக்காளி சாஸ் சேர்த்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1969-இல் ஹன்ட்ஸ் நிறுவனம் ‘மேன்விச்’ என்ற கேன் சாஸை இறக்கியதும் இது வாரநாள் இரவுச் சாப்பாடாக நிலைத்துவிட்டது. நியூ ஜெர்சியில் ஸ்லாப்பி ஜோ என்று கேட்டால் வேறொன்று வரும்: குளிர்ந்த கறித்துண்டுகள், கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்), ரஷ்யன் டிரெஸ்ஸிங் (ஒரு வகை மயோனைஸ் சாஸ்) வைத்த மூன்றடுக்கு ரொட்டி. இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

நாலு பன்னுக்குத் தாராளமாக, அல்லது ஐந்து பன்னுக்கு அளவாக வரும் கணக்கு:

மாட்டுக் கொத்துக்கறி 454 கிராம் (ஒரு பவுண்டு), 15 சதவீதம் கொழுப்புள்ளது
ஆப்ப சோடா ¼ தேக்கரண்டி, அதைக் கரைக்க 1 மேசைக்கரண்டி தண்ணீர்
எண்ணெய் 2 தேக்கரண்டி
வெங்காயம் நடுத்தரமாக ஒன்று (சுமார் 150 கிராம்), பச்சைக் குடைமிளகாய் பாதி, இரண்டும் பொடியாக நறுக்கியது
பூண்டு 2 பல்
தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி
அமெரிக்கச் சில்லி பவுடர் 1 தேக்கரண்டி
மிளகுத்தூள் ½ தேக்கரண்டி
கெச்சப் ½ கப்
சர்க்கரை சேர்க்காத தக்காளி ப்யூரி ½ கப்
தண்ணீர் ¼ கப்
வூஸ்டர்ஷயர் சாஸ் 1 மேசைக்கரண்டி
மஞ்சள் மஸ்டர்டு (கடுகு சாஸ்) 2 தேக்கரண்டி
பிரவுன் சுகர் 1 தேக்கரண்டி, தேவைப்பட்டால் இன்னொன்று
வினிகர் 1 தேக்கரண்டி, கடைசியில்
உப்பு
ஹாம்பர்கர் பன், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி

இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாக ஏமாறுவார்கள். அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பது சுத்த மிளகாய்த்தூள் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஒரிகானோ, பூண்டுத்தூள் கலந்த மசாலா அது. அதன் இடத்தில் நம் வீட்டு மிளகாய்த்தூளை ஒரு தேக்கரண்டி போட்டால் காரம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அது கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் ½ தேக்கரண்டி, சீரகத்தூள் ¼ தேக்கரண்டி, ஒரு சிட்டிகை ஒரிகானோ போதும். அடுத்தது, அமெரிக்கச் சமையல் குறிப்பில் டொமேட்டோ சாஸ் என்று இருந்தால் அது கேனில் வரும் தித்திப்பில்லாத நீர்த்த ப்யூரி. இந்தியாவில் அதே பெயரில் பாட்டிலில் வருவது கிட்டத்தட்ட கெச்சப்தான். குறிப்பை அப்படியே பின்பற்றி அந்தப் பாட்டிலை ஊற்றினால் இரண்டு பங்கு கெச்சப் போட்ட மாதிரி ஆகிவிடும். ப்யூரி இல்லையென்றால் இரண்டு தக்காளியை வேகவைத்துத் தோலை உரித்து அரைத்துக்கொள்ளுங்கள்.

கறி விஷயத்தில் கொழுப்பின் அளவைப் பார்த்து வாங்குங்கள். 20 சதவீதக் கொழுப்புள்ள ஒரு பவுண்டில் சுமார் 90 கிராம் கொழுப்பு இருக்கிறது. அது சுவையாகத்தான் இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் வடிக்க வேண்டி வரும். 7 சதவீதத்துக்குக் கீழே போனால் கறி வறண்டு, மணல் போட்ட மாதிரி நறநறக்கும். சாஸ் எவ்வளவு ஊற்றினாலும் அந்த நறநறப்பு போகாது. 15 சதவீதம் நடுநிலை. கசாப்புக் கடையில் அரைத்து வாங்குவதானால் தோள்பட்டைக் கறியைக் கேளுங்கள். கொழுப்பும் சவ்வும் கலந்திருப்பதால் மெதுமெதுப்பு வரும். மிக நைசாக இரண்டு முறை அரைக்க வேண்டாம். அப்படி அரைத்தது வாணலியில் களியாகிவிடும்.

ஆப்ப சோடா எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கறியின் புளிப்புத் தன்மையை அது கொஞ்சம் குறைக்கிறது. அதனால் சூட்டில் புரதம் இறுகிச் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளுவது குறைகிறது, நிறமும் சீக்கிரம் ஏறுகிறது. தண்ணீரில் கரைத்துக் கறியின் மேல் தெளித்து, விரல் நுனியால் லேசாகப் புரட்டி, 15 நிமிடம் வைத்தால் போதும். கால் தேக்கரண்டியைத் தாண்டினால் சோப்பு வாடை வரும். பேக்கிங் பவுடர் இதற்கு ஆகாது. இந்தக் கட்டத்தில் உப்பு போட வேண்டாம், பிசையவும் வேண்டாம். உப்பு போட்டுப் பிசைந்த பச்சைக் கொத்துக்கறியில் புரதம் கரைந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். கோலா உருண்டைக்கு அது வேண்டும். உதிரி உதிரியாக இருக்க வேண்டிய ஸ்லாப்பி ஜோவுக்கு அதுதான் எதிரி.

பாத்திரம்: 30 சென்டிமீட்டர் அகலமுள்ள, அடி தட்டையான, கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேன் சிறந்தது. 20 சென்டிமீட்டர் பாத்திரத்தோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு இரண்டே கால் மடங்கு, ஆவி வெளியேற அவ்வளவு இடம் கிடைக்கும். குழிவான கடாயில் கறியிலிருந்து வடியும் நீர் நடுவில் தேங்கி, கறி தன் நீரிலேயே அவிந்துவிடும். வார்ப்பு இரும்பில் கறியை வறுக்கலாம், அற்புதமாகச் சிவக்கும். ஆனால் தக்காளியும் வினிகரும் அதில் நேரம் போகக் கொதித்தால் இரும்பு வாடை ஏறும், பழக்கிய மேல்பூச்சும் கரையும். நான்ஸ்டிக்கில் அடி பிடிக்காது என்பது வசதி. ஆனால் இந்தச் சாஸின் ருசியில் பாதி அடியில் ஒட்டும் அந்தப் பழுப்புப் படலத்தில்தான் இருக்கிறது.

இனி செய்முறை. பேனை நடுத்தரத்துக்கு மேலான தீயில் மூன்று நிமிடம் காயவைத்து எண்ணெய் விடுங்கள். கறியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியாக நடுவில் போடாமல், பேனின் அடி முழுவதும் பரப்பி, ஒரு பெரிய தட்டையான அடையாக அமுக்கிவிடுங்கள். அதன்பிறகு ஐந்து அல்லது ஆறு நிமிடம் கரண்டியே படக்கூடாது. இந்தச் சமையலில் பொறுமை மிக அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். முதலில் சளசளவென்று நீர் கொதிக்கும் சத்தம் வரும், ஓரங்களில் சாம்பல் நிற நுரை தெரியும். நீர் இருக்கும்வரை கறியின் அடிப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வருவதற்கு ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். நீர் வற்றியதும் சத்தம் மாறி, கொழுப்பு பொரியும் கூரான சடசடப்பு கேட்கும். அப்போது ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். அடி முறுகலான ஆழ்ந்த பழுப்பாக இருந்தால் சரி. வெளிர் சாம்பலாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம்.

ஒரு பக்கம் சிவந்தால் போதும். இரு பக்கமும் சிவக்க வறுத்தால் கறி வறண்டுவிடும். இப்போது அடையைத் தோசைத்திருப்பியால் நாலாகக் கீறி, திருப்பிப் போட்டு, உருளைக்கிழங்கு மசிக்கும் மசிப்பானால் அழுத்தி உதிர்த்துவிடுங்கள். பருப்பு மத்தும் உதவும். பட்டாணியைவிடச் சிறிய உதிரியாக வர வேண்டும். பெரிய கட்டிகள் இருந்தால் சாஸ் அதைச் சுற்றி வழியுமே தவிர, கறியோடு சேராது. பன்னிலிருந்து உருண்டு விழுவதும் அந்தக் கட்டிகள்தான். இளஞ்சிவப்பு மறைந்ததும் துளைக்கரண்டியால் கறியைத் தட்டுக்கு மாற்றி, பேனில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை வடித்துவிடுங்கள். அதைத் தொட்டிக் குழாயில் கொட்டாதீர்கள், உறைந்து அடைத்துக்கொள்ளும். பழைய டின்னில் ஊற்றி ஆறவைத்துக் குப்பையில் போடலாம்.

தீயை நடுத்தரமாக்கி, அதே கொழுப்பில் வெங்காயமும் குடைமிளகாயும் ½ தேக்கரண்டி உப்பும். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும், அந்த நீரே அடியில் ஒட்டிய பழுப்பைக் கரைத்துத் தரும். மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டே ஏழெட்டு நிமிடம் சுருள வதக்குங்கள். வெங்காயத்தை நசுக்கினால் எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும். இதை அவசரப்படுத்தினால் பின்னால் திருத்த வழியில்லை, ஏனென்றால் புளிப்பான சாஸில் வெங்காயம் மென்மையாகாது. காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் கரைய மறுக்கும். கெச்சப் ஊற்றிய பிறகு அரைமணி நேரம் கொதித்தாலும் அரைவேக்காட்டு வெங்காயம் அரைவேக்காடாகவே நிற்பது இதனால்தான்.

பூண்டு அரை நிமிடம். பிறகு தக்காளி பேஸ்ட், சில்லி பவுடர், மிளகுத்தூள் போட்டு ஒன்றரை நிமிடம் புரட்டுங்கள். பேஸ்ட்டின் கண்ணைப் பறிக்கும் சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும், பச்சை வாசனை போய்விடும். இப்போது தண்ணீரை ஊற்றி அடியைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். அடி சுத்தமாகும் முன் கெச்சப்பை ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் படலத்தின் மேல் சர்க்கரை படிந்தால் அங்கேதான் கருகத் தொடங்கும்.

கெச்சப், ப்யூரி, வூஸ்டர்ஷயர், மஸ்டர்டு, பிரவுன் சுகர் சேர்த்துக் கலக்கி, கறியையும் அதன் சாற்றையும் திரும்பப் போட்டு, குமிழி மெல்ல வெடிக்கும் அளவுக்குத் தீயைக் குறையுங்கள். மூடி வேண்டாம். 12 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். பதம் பார்ப்பது எளிது: தோசைத்திருப்பியால் நடுவே ஒரு கோடு இழுங்கள். பேனின் அடி தெரிந்து, அந்த வழி இரண்டு மூன்று விநாடி அப்படியே நின்று மெதுவாக மூடினால் சரி. உடனே மூடிக்கொண்டால் இன்னும் நீர் இருக்கிறது. மூடவே இல்லை, எண்ணெய் ஓரத்தில் தொக்கு மாதிரி பிரிகிறது என்றால் வற்றிவிட்டது, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டால் இன்னும் ஒரு படி இறுகும், ஆகவே கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்குவது நல்லது. வினிகரை இப்போது சேருங்கள். கொதிக்கும்போதே போட்டால் அதன் கூர்மை ஆவியோடு போய்விடும். உப்பையும் இப்போதுதான் முடிவு செய்ய வேண்டும். கெச்சப், மஸ்டர்டு, வூஸ்டர்ஷயர் மூன்றிலும் உப்பு இருக்கிறது, வற்ற வற்ற அது ஏறும்.

தித்திப்பைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். சாதாரண கெச்சப்பில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 4 கிராம் சர்க்கரை. பல குறிப்புகள் ஒரு பவுண்டு கறிக்கு ஒரு கப் கெச்சப் சொல்லி, மேலே கால் கப் பிரவுன் சுகரும் போடச் சொல்கின்றன. கெச்சப்பிலேயே 64 கிராம், பிரவுன் சுகரில் இன்னொரு 50 கிராம். நாலு பேர் சாப்பாட்டில் நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் அது ஜாம் பக்கம் சாய்ந்துவிடும். மேலே சொன்ன அளவில் கெச்சப்பிலிருந்து 32 கிராம், பிரவுன் சுகரிலிருந்து 4 கிராம்தான். குறைந்த தக்காளிச் சுவையைப் பேஸ்ட்டும் ப்யூரியும் ஈடுகட்டுகின்றன. ஸ்லாப்பி ஜோவுக்குத் தித்திப்பு வேண்டும், அது அதன் இயல்பு. அதைத் தாங்கிப் பிடிக்கப் புளிப்பும் காரசாரமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வகையில் வூஸ்டர்ஷயரை விட்டுவிடாதீர்கள். அதில் வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி வகை மீன், புளி எல்லாம் இருக்கின்றன. ஆம், நம் புளியேதான். கிடைக்காத ஊரில் சோயா சாஸ் 2 தேக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் ½ தேக்கரண்டி, ஒரு சிட்டிகை நாட்டுச்சர்க்கரை கலந்தால் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். மீன் சாப்பிடாதவர்களுக்கும் மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பரிமாறுவதாக இருந்தால் இந்த மாற்றையே பயன்படுத்துங்கள். பாட்டிலில் மீன் இருப்பது பலருக்குத் தெரியாது.

பன். இதற்குக் கறிக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் கடை ஹாம்பர்கர் பன் மென்மையானது, அதன் கீழ்ப்பாதி மேல்பாதியைவிட மெலிது. ஈரம் முழுவதும் அந்த மெலிந்த பாதியில்தான் இறங்குகிறது. வெட்டிய முகத்தில் வெண்ணெய் தடவி, நடுத்தரத் தீயில் இன்னொரு பேனில் முகம் கீழாக வைத்து ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம் பொன்னிறமாக வாட்டுங்கள். வாட்டிய மேல்பரப்பு காய்ந்து இறுகும், வெண்ணெய் அதன் மேல் ஒரு கொழுப்புப் படலம் போடும், சாஸ் உள்ளே இறங்க நேரமாகும். டோஸ்டரில் போட்டால் காயுமே தவிர இந்தப் படலம் வராது. இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் கீழ்ப்பாதியில் ஒரு சீஸ் ஸ்லைஸ் வைத்து அதன் மேல் கறியை அள்ளுங்கள். பிரியோஷ் பன் (முட்டையும் வெண்ணெயும் அதிகம் சேர்த்தது) பார்க்க அழகு, ஆனால் அதுவும் தித்திப்பு, ஊறினால் உடனே குழையும். உருளைக்கிழங்கு மாவு சேர்த்த பன்னோ, கொஞ்சம் கெட்டியான கைசர் ரோலோ நன்றாகத் தாங்கும். தமிழ்நாட்டு பேக்கரியில் கிடைக்கும் சாதாரண பன் தித்திப்பானது. அதில் செய்வதாக இருந்தால் சாஸில் பிரவுன் சுகரை முழுவதும் விட்டுவிடுங்கள். பாவ் கிடைத்தால் அதைவிட நல்லது.

ஒரு பன்னுக்கு அரை கப் கறி அளவு. அதற்கு மேல் வைத்தால் எந்தப் பன்னும் தாங்காது. சாப்பிட உட்காரும்போது பன்னில் வையுங்கள், முன்கூட்டியே கட்டி வைக்காதீர்கள். வாட்டிய பன்னும் பத்து நிமிடத்தில் ஊறிவிடும். பக்கத்தில் டில் (சதகுப்பை) போட்ட வெள்ளரி ஊறுகாயும் உப்பு சிப்ஸும் வைப்பது அமெரிக்க வழக்கம். தித்திப்புக் கறிக்கு அந்தப் புளிப்பும் மொறுமொறுப்பும் நன்றாகச் சேரும். பன்னுக்குள்ளேயே இரண்டு வில்லை வெள்ளரி வைப்பது இன்னும் நல்லது.

செய்து முடித்தபின் பிசகு தெரிந்தால் என்ன செய்வது? தித்திப்பு தூக்கலாக இருந்தால் வினிகரை அரை அரைத் தேக்கரண்டியாகச் சேர்த்து ஒவ்வொரு தடவையும் ருசி பாருங்கள். அது போதவில்லையென்றால் மஸ்டர்டு இன்னொரு தேக்கரண்டி. உப்பைக் கூட்டித் தித்திப்பை மறைக்கப் பார்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கும். புளிப்பு தூக்கல் என்றால் ஒரு தேக்கரண்டி வெண்ணெய் அதன் கூர்மையைத் தணிக்கும், சர்க்கரை அதற்கு அடுத்துத்தான். உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு எடுப்பதால் பெரிய பயன் இல்லை. உப்பில்லாத ப்யூரியோ வேகவைத்த பயறோ சேர்த்து அளவைப் பெருக்குவதே வழி. எண்ணெய் மேலே மிதந்தால் பேனைச் சாய்த்து ஓரத்தில் தேங்குவதைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். அடி கருகிய வாடை வந்தால் உடனே கிளறுவதை நிறுத்தி, சுரண்டாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கிளறினால் கருகல் முழுவதிலும் பரவி, அதன்பின் எதுவும் செய்ய முடியாது.

நீர்த்திருக்கிறது, நேரமும் இல்லை என்றால் சோள மாவு ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு நிமிடம் கொதிக்கவிடலாம். கெட்டிப்படும், ஆனால் பளபளவென்று பசைத்தன்மை வரும், ருசி அடர்த்தியாகாது. அகலமான பேனில் இன்னும் ஐந்து நிமிடம் வற்றவிடுவதே மேல். ஐயோவா, மினசோட்டா பக்கத்துப் பழைய வீட்டுக் குறிப்புகளில் கேனில் வரும் கெட்டியான சிக்கன் கம்போ சூப்பை ஊற்றுவார்கள். அதிலுள்ள மாவுச்சத்தும் வெண்டைக்காயும் கெட்டியாக்கிவிடும். அது தனி ருசி, தித்திப்பு குறைவு, செய்து பார்க்கத் தகுந்ததே.

கறி வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோடா போட்ட கறி வெந்த பிறகும் கொஞ்சம் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். முழுத்துண்டுக் கறியில் கிருமி வெளிப்பரப்போடு இருக்கும், அரைத்த கறியில் அது உள்ளேயும் கலந்துவிடும். அதனால் மாட்டுக் கொத்துக்கறிக்கு அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் அளவு 71 டிகிரி செல்சியஸ், கோழி, வான்கோழிக்கு 74. மேலே சொன்ன முறையில் பத்து நிமிடத்துக்கு மேல் சாஸில் கொதிப்பதால் இதைத் தாண்டிவிடும்.

மாடு சாப்பிடாதவர்கள் அமெரிக்காவில் பெரும்பாலும் வான்கோழிக் கொத்துக்கறிக்குப் போகிறார்கள். 7 சதவீதக் கொழுப்புள்ளதை வாங்குங்கள். நெஞ்சுக்கறி மட்டும் அரைத்த 1 சதவீதம் இதற்கு உதவாது, மரத்தூள் மாதிரி ஆகிவிடும். எண்ணெயை ஒரு மேசைக்கரண்டியாக்கி, பொடியாக நறுக்கிய காளான் 100 கிராமை வெங்காயத்தோடு வதக்கி, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் சேர்த்தால் குறைகிற கறிச்சுவை திரும்பும். வடிக்கக் கொழுப்பு எதுவும் இருக்காது. ஆட்டுக் கொத்துக்கறியில் மணம் கூடுதல், ஆகவே சில்லி பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டியாக்குங்கள், கொழுப்பையும் கவனமாக வடியுங்கள்.

சைவத்துக்கு முழு மைசூர் பருப்பு மிகப் பொருத்தம். தோலோடு பழுப்பாக இருக்கும் அது கிட்டத்தட்ட அமெரிக்கக் கடையின் பழுப்பு லென்டில்தான். 200 கிராமை உப்புத் தண்ணீரில் 20 முதல் 25 நிமிடம், மென்மையாக ஆனால் உடையாமல் வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். தனியாக வேகவைப்பதற்குக் காரணம் வெங்காயத்துக்குச் சொன்னதுதான்: புளிப்பில் பருப்பு வேகாது. வெங்காயம் வதக்க எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி விடுங்கள், கறிக்கொழுப்பின் வேலையை அதுதான் செய்ய வேண்டும். கடைசியில் கால்வாசிப் பருப்பை மட்டும் மசித்தால் சாஸ் பிடித்துக்கொள்ளும். சோயா குருணையில் செய்தால் 100 கிராமை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, எண்ணெயில் சிவக்க வறுத்த பிறகே சாஸில் போடுங்கள். பிழியாமல் போட்டால் ஊறிய நீர் முழுவதும் சாஸில் இறங்கிவிடும்.

இருபது முப்பது பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் அப்படியே பெருக்கினால் சரிவராது. நாலு பேருக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கு கறிக்குப் பொருந்தும், 40 பேருக்கு 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. தண்ணீர் அப்படி இல்லை. ஆழமான பானையில் அளவு பத்து மடங்கு ஆனாலும் ஆவி போகும் மேற்பரப்பு அந்த அளவு பெருகாது. ஆகவே தண்ணீரை முழுவதும் விட்டுவிட்டு, அடியைச் சுரண்ட மட்டும் கொஞ்சம் ப்யூரியைப் பயன்படுத்துங்கள். வற்ற 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். கறியை ஒரே தடவையில் கொட்டாமல் அரைக்கிலோ அரைக்கிலோவாக வறுக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் வைப்பதானாலும் வறுப்பது அடுப்பில்தான், பச்சைக் கறியை அதில் நேரே போட்டால் சாம்பல் நிறக் கூழ்தான் கிடைக்கும். பரிமாறும்வரை சூடாக வைக்க 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூடியில் சேரும் நீரை அவ்வப்போது வெளியே துடைத்துவிடுங்கள்.

மிச்சத்தைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். பானையோடு வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி வையுங்கள். மூன்று நாலு நாள் தாங்கும், மறுநாள் ருசி இன்னும் கூடியிருக்கும். ஃப்ரீஸரில் வைப்பதென்றால் ஜிப் பையில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனாகத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள், மூன்று மாதம்வரை ருசி குறையாது. முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிட்டு, மறுநாள் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீரோடு 74 டிகிரிவரை சூடாக்கி, இறக்கும்போது வினிகர் சில சொட்டு விடுங்கள். பன்னை மட்டும் அன்றைக்கு வாட்டிக்கொள்ளுங்கள்.